எந்த பேப்பரை எடுப்பது?

(இளங்கலைச் சமூகவியல் படிக்கும், படிக்க விரும்பும் மாணவர்களுக்காகத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஜன்னலைத் திறந்தால் ஹாரன், சாத்தினால் புழுக்கம். திறந்தே இருக்கட்டும், நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொள்கிறேன்.

கீழே தெரிகிற இந்த சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஜூன் மாதத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். முசிறி, துறையூர், லால்குடி பஸ்களிலிருந்து முதலில் ஒரு அப்பாவோ அம்மாவோ தாய்மாமாவோ இறங்குவார்கள். பின்னாலேயே பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இறங்கும். ஃபைலுக்குள் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். நடந்து போகிற தூரத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரியும் ஹோலி கிராஸ் கல்லூரியும் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் 1883இல் திருச்சிக்கு வந்தது. ஹோலி கிராஸ் 1923இல் தொடங்கியது. ஆக நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் சான்றிதழோடு ஏதாவது ஒரு பிள்ளை நின்றுகொண்டுதான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எப்போதிலிருந்து நிற்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

நானும் அப்படி ஒரு ஜூன் மாதம் அப்பாவோடு இறங்கியவள்தான். அப்பா லால்குடிப் பக்கத்திலிருந்து தினமும் காந்தி மார்க்கெட்டுக்கு வந்து மூட்டை தூக்கியவர். பி.காம். கிடைக்கவில்லை, சமூகவியல் கிடைத்தது. விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். சமூகவியலுக்கும் சமூகப்பணிக்கும் உள்ள வித்தியாசம்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறீர்கள், உங்களுக்கும் அப்படித்தான் போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால், இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கச்சி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் இளங்கலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டு போகிறாள். துறையில் ஒட்டியிருந்த பட்டியலைப் படம் எடுத்திருந்தாள். ஐந்து விருப்பப் பாடங்கள், அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரகச் சமூகவியல், மருத்துவச் சமூகவியல், தொழில் சமூகவியல், விளிம்புநிலைச் சமூகங்கள், சமூகப் புள்ளியியல். கீழே ஒரே கேள்வி: “அக்கா, எந்த ரெண்ட எடுக்கட்டும்?”

நான் பத்து நொடிகூட யோசிக்கவில்லை. “விளிம்புநிலை எடு பாப்பா, அது நம்ம பேப்பர். இன்னொன்னு எது ஈஸியோ அத எடு. புள்ளியியல் பக்கம் மட்டும் போயிடாத” என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருந்தது. ஐந்து வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள், சாதி எதிர்ப்பு பேசுகிறவள், ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன சொல்லியிருக்கிறேன்? உன் இடம் அதுதான், அங்கே போய் உட்கார், கணக்கு உனக்கு வராது. ஊரில் வேறு வார்த்தையில் சொல்வதையே நானும் சொல்லியிருக்கிறேன். “பொறு பாப்பா, நேர்ல பேசலாம்” என்று இன்னொரு செய்தி அனுப்பினேன். இன்றைய பேச்சு அந்தத் தங்கச்சிக்கு நான் பாக்கி வைத்திருக்கும் பதில்.

முதலில் இந்த ‘நம்ம பேப்பர்’ என்பதைப் பார்ப்போம்.

நான் முதலாமாண்டு படிக்கும்போது சாதி பற்றிய பகுதி வந்தது. தீண்டாமையை விளக்கிக்கொண்டிருந்த ஆசிரியர் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்து, “இதெல்லாம் புக்குல இருக்கறதவிட உங்களுக்கு நல்லாத் தெரியும், நீங்களே எந்திரிச்சு சொல்லுங்களேன்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு மரியாதை தருவதாகத்தான் அவர் நினைத்தார். எழுந்து நின்று எங்கள் ஊர் டீக்கடை பற்றி ஏதோ இரண்டு வரி சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதுவரை நான் வெறும் லால்குடிக்காரி. அன்று மத்தியானத்திலிருந்து வேறு ஆள். எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான், நிலபுலன் உள்ள வீடு. “தம்பி, உங்க வீட்டுத் திண்ணையில யாரெல்லாம் உக்கார முடியாது, நீ எந்திரிச்சு சொல்லு” என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அவனைத்தான்.

வகுப்பில் எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்பீர்கள். நம் கல்லூரிகளில் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்கு, 25 மதிப்பெண் இன்டர்னல். அந்த 25 யார் கையில் இருக்கிறது என்பது முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலேயே தெரியும்.

பாடத்திட்டத்தில் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். ‘சமூக அடுக்கமைவு’ என்று ஒரு அலகு வரும். அதில் குர்யே 1932இல் எழுதிய புத்தகத்திலிருந்து சாதியின் ஆறு அம்சங்கள். சமூகவியல் படித்த யாரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்: கூறுபட்ட பிரிவு, படிநிலை, உணவிலும் பழக்கத்திலும் தடை, உரிமைகளில் ஏற்றத்தாழ்வு, தொழில் தேர்வில் தடை, ஆறாவதாகத் திருமணத் தடை. அப்புறம் எம்.என்.சீனிவாஸ், சமஸ்கிருதமயமாக்கல், ஆதிக்க சாதி. அப்புறம் லூயி துய்மோன், தூய்மை, தீட்டு. அம்பேத்கர் எங்கே? அவர் நான்கு அலகு தள்ளி ‘சமூக இயக்கங்கள்’ பகுதியில் புலேவோடும் பெரியாரோடும் வரிசையில் நிற்பார். ஐந்து மார்க் கேள்வி. அங்கே அவர் தலைவர், சட்ட மேதை, போராளி. சமூகவியலாளர் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

1916 மே 9ஆம் தேதி. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசிக்கிறார். அடுத்த வருஷம் அது ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழில் அச்சாகிறது. அதில் அவர் தீட்டிலிருந்தும் தொழிலிலிருந்தும் தொடங்கவில்லை. அதுவரை சாதி பற்றி எழுதிய செனார், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை வரிசையாக எடுத்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, சாதியின் சாரம் ஒன்றே ஒன்றுதான், அது அகமணம் என்கிறார். குர்யேயின் பட்டியலில் ஆறாவதாகப் பின்னால் வந்த விஷயத்தை, அதற்குப் பதினாறு வருஷம் முன்னாலேயே எடுத்து நடுவில் வைத்தவர் அவர். சாதிக்குள்ளேயே திருமணம் என்ற விதி குலையாமல் இருக்க வேண்டுமென்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘உபரி’ ஆகிவிடுகிறாள். அந்த உபரிப் பெண்ணை என்ன செய்வது? உடன்கட்டை, இல்லையென்றால் கட்டாய விதவைக்கோலம். மனைவியை இழந்த ஆணுக்குப் பெண் தேட குழந்தை மணம். சாதியைக் காப்பாற்றும் பொறி பெண்ணின் உடம்பில்தான் ஓடுகிறது என்பதை இவ்வளவு கறாராக 1916இல் ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. மேலே இருப்பவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துத் தாங்களும் அடைத்துக்கொண்டார்கள் என்று, பிரெஞ்சுச் சிந்தனையாளர் தார்துவின் ‘போலச்செய்தல்’ கோட்பாட்டை வைத்து அம்பேத்கர் விளக்குகிறார். சீனிவாஸ் கூர்க் மக்களைப் பற்றிய புத்தகத்தில் சமஸ்கிருதமயமாக்கலைச் சொன்னது 1952இல். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சீனிவாஸுக்குப் போலச்செய்தல் என்பது ஏறிப்போகிற படிக்கட்டு. அம்பேத்கருக்கு அது நோய் பரவுகிற வழி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடந்தால் எப்படி இருக்கும்! நான் முதுகலை முடிக்கும் வரை எனக்கு அப்படி ஒரு வகுப்பு நடக்கவில்லை. அம்பேத்கர் நூல்தொகுப்பின் முதல் தொகுதியிலேயே இந்தக் கட்டுரை இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. நாற்பது பக்கம்கூட வராது. செமஸ்டர் லீவில் ஒரு நாள் போதும்.

அந்த மாணவர் கொலம்பியாவில் என்னென்ன பேப்பர் எடுத்தார் என்பது பதிவாகியிருக்கிறது. 1913 முதல் மூன்று வருஷத்தில் பொருளாதாரத்தில் 29 பாடங்கள். வரலாற்றில் 11. சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் போனவர், காலக்கெடு உள்ள பணம். ‘நம்ம பேப்பர்’ என்று அன்று அங்கே எதுவும் இல்லை என்பது உண்மைதான். இருந்திருந்தாலும் அவர் ஏறக்குறைய பாதி பொருளாதாரம்தான் எடுத்திருப்பார் என்பது என் ஊகம். பணம் எப்படி ஓடுகிறது, வரி எப்படி வசூலாகிறது, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று படித்துக்கொண்டே, மானுடவியல் கருத்தரங்குக்குப் போய் சாதியை எடுத்து மேஜையில் வைத்தார். தன் சொந்த அவமானத்தை அங்கே சாட்சியாகச் சொல்லவில்லை. அவர்களுடைய கோட்பாட்டிலேயே ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டினார். எழுந்து நின்று டீக்கடையைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

சொந்த அனுபவத்தைப் பேசவே கூடாது என்கிறேனா? இல்லை. 2002இல் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார், இந்தியச் சமூக அறிவியல்கள் எவ்வளவு சமத்துவமானவை என்று கேட்டு. கோட்பாடு சொல்வது ஒரு கூட்டத்தின் வேலை, தரவாக இருப்பது இன்னொரு கூட்டத்தின் வேலை என்று துறையே இரண்டாகப் பிரிந்து கிடப்பதை அது போட்டு உடைத்தது. பெரிய விவாதம் நடந்தது. அனுபவத்தைச் சொல்கிறவர் நாம், அதை வைத்துக் கோட்பாடு எழுதுகிறவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில்தான் எனக்குச் சண்டை.

இந்தப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. காவிரியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் தஞ்சாவூர் மாவட்டம். அங்கே ஒரு கிராமத்தில் 1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் தங்கி ஆய்வு செய்தார். ஊர்ப் பெயரை மாற்றி ‘ஸ்ரீபுரம்’ என்று வைத்தார். 1965இல் புத்தகமாக வந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தது எப்படிப் பிரிய ஆரம்பித்தது என்பதை இன்றைக்கும் அதை வைத்துத்தான் படிக்கிறோம். நல்ல புத்தகம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தங்கியது அக்கிரகாரத்தில், ஒரு பிராமணர் வீட்டில். அதனாலேயே சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாமல் போனதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். நம் வகுப்பறைகளில் அந்தப் பக்கத்தை யாரும் நடத்துவதில்லை, முடிவுரையை மட்டும் நோட்ஸ் கொடுப்பார்கள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் வாசிப்புப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் எழுதியவர் ஊரில் எந்தத் தெருவில் தங்கினார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று தேடுங்கள். ஊரகச் சமூகவியல் பேப்பர் சப்பென்று இருக்கும் என்று சொல்வார்கள். இந்தக் கேள்வியோடு படித்தால் அப்படி இருக்காது.

சாதி என்றால் இந்து மதம் என்ற அலகுக்குள் அடைத்துவிடுகிற பாடத்திட்டங்களும் இருக்கின்றன. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அப்படிப் படிப்பதற்கு ஒரு அசட்டுத் துணிச்சல் வேண்டும். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித் கிறித்தவர்களைப் பிரித்து வைக்கும் சுவர் பற்றி இங்கே தெரியாதவர்கள் யார்?

இன்னொரு கேள்வி. விளிம்புநிலைச் சமூகங்கள் என்று ஒரு பேப்பர் இருக்கிறதே, மையத்தில் இருப்பவர்களைப் பற்றி ஏன் ஒரு பேப்பர் இல்லை? புத்தகம் இல்லாமல் இல்லை. எம்.எஸ்.எஸ்.பாண்டியன் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற அடையாளங்கள் உருவான கதையை 2007இல் எழுதினார். ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் தமிழ்ப் பிராமணர்கள் நடுத்தர வர்க்கமாக மாறிய கதையை 2014இல் எழுதினார்கள். பிராமணரோடு நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. நம் ஊரில் பெண்ணைக் கொன்று தண்டவாளத்தில் போடுகிறவர்கள், காலனிக்குப் போகிற பாதையில் வேலி போடுகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அந்தச் சாதிகளின் நிலம், கல்யாணம், கௌரவம் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்க வேண்டும். அப்படி ஒரு பேப்பர் வந்தால் முதல் ஆளாக நான் பெயர் கொடுப்பேன்.

இப்போது இங்கே ஒரு தோழர் முகத்தைச் சுளிக்கிறார். அவர் கேட்கப்போவது தெரியும்: “நாமளே எடுக்கலைன்னா ஆள் இல்லைன்னு அந்த பேப்பரையே தூக்கிடுவாங்களே?” நியாயமான பயம். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவி கதையோடு நம் பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியது. அங்கே ஆள் இல்லாமல் தூக்கவில்லை, இருக்கக் கூடாது என்றே தூக்கினார்கள். எனவே அந்த பேப்பர் நிற்க வேண்டும், அதற்காகச் சண்டை போட வேண்டும். ஆனால் அதில் நிரம்ப வேண்டியது நாம் மட்டும்தானா? உங்கள் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களை இழுத்துக்கொண்டு போங்கள். பெரியாரை ஸ்டேட்டஸில் வைக்கிற நண்பர்கள் இருப்பார்களே, அவர்களிடம் கேளுங்கள். வருகிறார்களா என்று பார்ப்போம்.

புள்ளியியலுக்கு வருகிறேன். எனக்கே பயமாக இருந்த இடம் அது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கியவள் நான். முனைவர் பட்டத்துக்கு வந்த பிறகு 180 வீடுகளின் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பொறியியல் படித்த ஒரு தம்பி கற்றுக்கொடுத்தான். இளங்கலையிலேயே படித்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் காரணம் என் ஆய்வு அல்ல. கடைசியாக எல்லாச் சாதிகளையும் முழுமையாக எண்ணிய சென்சஸ் 1931இல் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஆணையம், எத்தனை வழக்கு, எல்லாமே அந்தப் பழைய எண்களைச் சுற்றித்தான். 2011இல் எடுத்த சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரத்தை ஒன்றிய அரசு வெளியிடவே இல்லை. 2023 அக்டோபர் 2இல் பீகார் அரசு தன் கணக்கை வெளியிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 27.12, பட்டியல் சாதியினர் 19.65. ஒரே நாளில் நாடு முழுக்க விவாதம் மாறியது. 2025 ஏப்ரல் 30இல் அடுத்த சென்சஸில் சாதியைச் சேர்ப்பதாக ஒன்றிய அமைச்சரவையே முடிவெடுக்க வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்தச் சட்டம் சரியா தவறா என்று இங்கே இரண்டு கருத்து இருக்கும், இருக்கட்டும். சமகாலத் தரவு போதுமானதாக இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை மட்டும் பாருங்கள்.

எண்ணிக்கை வரப்போகிறது. அதில் உட்பிரிவுகளை யார் சேர்த்தார்கள், யார் பிரித்தார்கள், எந்த அட்டவணையை வெளியிட்டார்கள், எதை அமுக்கினார்கள் என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும். டிவி விவாதத்தில் ஒருவர் சராசரியைக் காட்டி ஏமாற்றும்போது, “சராசரி வேண்டாம், இடைநிலை அளவைக் காட்டுங்கள்” என்று கேட்க நம் பக்கம் ஆள் வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது சாதி எதிர்ப்புக்கு நெருக்கமான பேப்பர் என்று நான் நினைத்தது விளிம்புநிலைச் சமூகங்களை. இப்போது கேட்டால் புள்ளியியல் என்பேன்.

வேலை கிடைக்குமா என்று அப்பா, அம்மா கேட்பார்கள். என் அப்பாவும் கேட்டார். “இதப் படிச்சா என்னவா ஆவ பாப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. என்னோடு படித்தவர்களில் ஒருவர் குரூப் 2 எழுதி அரசு வேலையில் இருக்கிறார், இரண்டு பேர் தொண்டு நிறுவனத்தில், ஒருவர் இதே பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில். பாதிப் பேர் கல்யாணம் ஆகிப் போனார்கள். எனக்கே நிரந்தர வேலை கிடையாது, ஃபெலோஷிப் பணம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை வரும். இதை மறைத்துவிட்டு சமூகவியல் படித்தால் உலகம் திறக்கும் என்று உங்களிடம் பேசினால் அது ஏமாற்று. தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்குக் கணக்கெடுப்பு, ஆய்வு நிறுவனம் என்று கொஞ்சம் வழி இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

ஆக, தங்கச்சி, என் திருத்திய பதில். ஒன்று புள்ளியியல். இன்னொன்று ஊரகச் சமூகவியலோ தொழில் சமூகவியலோ, யார் நடத்துகிறார் என்று சீனியர்களிடம் விசாரித்து முடிவு செய். நிலமும் கூலியும் தெரியாமல் நம் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. விளிம்புநிலைப் பேப்பரின் வாசிப்புப் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பு, அதை நாம் இங்கேயே சேர்ந்து படிப்போம். அந்த பேப்பரைத்தான் எடுப்பேன் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக எடு. அக்கா சொன்னேன் என்பதற்காக எடுக்காமல் இருக்காதே. வகுப்பில் உன்னை எழுப்பிச் சொல்லச் சொன்னால், “சார், புத்தகத்துல இருக்கறதப் பத்தி எனக்கு ஒரு கேள்வி இருக்கு” என்று ஆரம்பி.

வெள்ளிக்கிழமை படிவம் கொடுக்கக் கடைசி நாள் என்றாய். அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே மாடியில் புள்ளியியல் வகுப்பு ஆரம்பிக்கிறோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் தம்பிதான் எடுக்கிறான், காசு கிடையாது. கால்குலேட்டர் இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் போன் போதும். துறையூர் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இப்போதே கிளம்பலாம். மற்றவர்கள் இருந்தால் டீ சொல்லியிருக்கிறது, கேள்விகளைப் பேசுவோம்.